ஷியாட்சு: பலத்தால் அல்ல, பாரத்தால்

மசாஜ் நிலையங்களின் விளம்பரங்களில் ஷியாட்சுவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்கிறார், அடுத்தவர் ஐயாயிரம் என்கிறார். உண்மையில் இந்தப் பெயரில் ஒரு சிகிச்சை ஜப்பானில் அறிமுகமாகி நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அது எடுத்துக்கொண்ட சரக்கில் ஒரு பகுதி பழையது. ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம் இருபதாம் நூற்றாண்டில், பெயர் தெரிந்த மனிதர்களின் கையில் உருவானது. வயதைக் கூட்டிச் சொல்வதால் அதன் மதிப்பு கூடப்போவதில்லை என்பதால், நடந்ததை நடந்தபடி பார்ப்போம்.

முதலில், அது என்ன? தரையில் விரித்த மெத்தையில் ஒருவர் உடுத்திய உடையோடு படுத்திருக்கிறார். சிகிச்சை அளிப்பவர் பக்கத்தில் மண்டியிட்டு, கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் அவர் உடம்பில் ஓர் இடத்தை அழுத்துகிறார். சில நொடிகள் அப்படியே நிறுத்துகிறார். மெல்ல விடுகிறார். அடுத்த இடத்துக்கு நகர்கிறார். சில பள்ளிகளில் முழங்கையும் முழங்காலும்கூடப் பயன்படும். எண்ணெய் கிடையாது, கருவி கிடையாது. தேய்ப்பதும் பிசைவதும் ஏறக்குறைய இல்லை. விரல் அழுத்தம் என்பதுதான் பெயரின் பொருளும்.

இதற்கு முன்பே ஜப்பானில் இருந்தது அன்மா. சீனாவிலிருந்து வந்த பிடித்துவிடும் முறை அது. வருடுவது, பிசைவது, தட்டுவது, அழுத்துவது எல்லாம் அதில் உண்டு. எடோ காலத்தில் (1603–1868) அது பெரும்பாலும் பார்வையற்றவர்களின் தொழிலாக ஆனது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற அக்குபங்சர் நிபுணர், தம்மைப் போன்றவர்கள் இதைக் கற்றுப் பிழைக்கப் பள்ளிகள் அமைத்தார். பிறகு 1868 இல் தொடங்கிய மெய்ஜி பேரரசரின் ஆட்சி மேற்கத்திய மருத்துவத்தையே நாட்டின் மருத்துவமாக ஏற்றுக்கொண்டபோது அன்மாவின் மதிப்பு சரிந்தது. 1911 இல் அதற்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. அந்த உரிமத்துக்கு வெளியே, எலும்பையும் மூட்டையும் கையால் சரிசெய்யும், அமெரிக்காவிலிருந்து வந்த கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி போன்ற முறைகளும் உள்ளூர்க் கைவைத்தியங்களும் கலந்து புதிது புதிதாகச் சிகிச்சைகள் முளைத்தன. தமாய் தெம்பேக்கி என்பவர் தம் முறைக்கு ஷியாட்சு என்று பெயரிட்டு எழுதத் தொடங்கியது அந்தக் கலவைக் காலத்தில்தான்.

பெயரை ஊரறியச் செய்தவர் தோக்குஜிரோ நமிகோஷி. 1905 இல் ஷிகோக்கு தீவின் ககாவா பகுதியில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் வடக்கே ஹொக்கைதோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே குளிரில் அம்மாவுக்கு மூட்டுக்கு மூட்டு வலி. மருத்துவர் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் முறைபோட்டுப் பிடித்துவிட்டார்கள். தோக்குஜிரோவின் கைதான் இதமாக இருக்கிறது என்று அம்மா சொல்ல, அவர் எங்கே தோல் குளிர்ந்தும் தசை விறைத்தும் இருக்கிறது என்று தேடித் தேடி அழுத்தினார். அம்மா தேறினார். முதுகின் நடுப்பகுதியை அழுத்தியதால் அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு வீக்கத்தைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்ற ஹார்மோனை உடம்பே சுரந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் விளக்கம் சொன்னார். இதெல்லாம் அவரே சொன்ன கதை, மருத்துவக் குறிப்பு அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் கதையில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஏட்டில் பார்த்து அழுத்திய கை அல்ல அது. தொட்டுப் பார்த்து, வெப்பத்தையும் விறைப்பையும் உணர்ந்து இடம் கண்டுபிடித்த கை. ஷியாட்சுக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வது இதைத்தான்: நோயைத் தேடுவதும் சிகிச்சை தருவதும் ஒரே தொடுதலில் நடக்கின்றன.

1925 இல் ஹொக்கைதோவின் முரோரான் நகரில் நமிகோஷி தம் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். 1933 இல் டோக்கியோவுக்கு வந்தார். 1940 இல் பள்ளி தொடங்கினார். போர் முடிந்ததும் சிக்கல் வந்தது. ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படையின் நிர்வாகம் அக்குபங்சர் முதலிய பாரம்பரிய முறைகளை ஒழிக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியது, இதை நம்பி வாழ்ந்த பார்வையற்றவர்களின் குரல் அதில் ஓங்கி ஒலித்தது. 1947 டிசம்பரில் வந்த சட்டம் அக்குபங்சரையும் அன்மாவையும் காப்பாற்றிவிட்டது. ஷியாட்சுவுக்கு அதில் இடமில்லை. ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்கு மட்டும் 1955 வரை அவகாசம் கிடைத்தது. அந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அன்மாவின் ஒரு பிரிவாக ஷியாட்சுவைச் சேர்த்தார்கள். 1964 இல் உரிமத்தின் பெயரிலேயே அன்மா, மசாஜ், ஷியாட்சு என்று மூன்றும் தனித்தனியாக இடம்பெற்றன. உரிமம் என்னவோ இன்றும் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

இடையே 1954 இல் மர்லின் மன்றோ தேனிலவுப் பயணமாக டோக்கியோவுக்கு வந்து வயிற்றுவலியால் அவதிப்பட்டபோது நமிகோஷி அழைக்கப்பட்டார். செய்தி பரவியது. பிறகு தொலைக்காட்சியில் வாய்விட்டுச் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் மனிதராக அவரை நாடே அறிந்துகொண்டது. ‘ஷியாட்சுவின் உள்ளம் தாயின் உள்ளம், அழுத்தினால் உயிர் ஊற்றுப் பொங்கும்’ என்ற அவருடைய வாசகம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்.

இனி கைக்கு வருவோம். புதிதாகக் கற்க வருபவர் முதல் வாரத்தில் செய்யும் தவறு, விரல் பலத்தால் அழுத்துவது. பத்து நிமிடத்தில் கட்டைவிரல் மூட்டு வலிக்கும், தோள் இறுகும், படுத்திருப்பவருக்கோ யாரோ குத்துவது போல் இருக்கும். ஷியாட்சுவில் அழுத்துவது தசை அல்ல, உடல் எடை. நின்றுபோன காரைத் தள்ளும்போது கையை நீட்டி வைத்துக்கொண்டு உடம்பைச் சாய்ப்போமே, அந்தச் சாய்வுதான் இங்கும். முழங்கால்கள் தரையில் அகலமாக ஊன்றியிருக்க, கை ஏறக்குறைய நேராக இருக்க, இடுப்பு முன்னே நகர்கிறது. எடை தோள் வழியாகக் கைக்குள் இறங்குகிறது. அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமா, இடுப்பைப் பின்னே எடுத்தால் போதும். விரல் எதையும் செய்வதில்லை, தாங்கி நிற்கிறது. நாபிக்குக் கீழே அடிவயிற்றை ஜப்பானியர் ஹரா என்பார்கள். அசைவு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் தொண்ணூறு கிலோ எடையுள்ளவருக்குச் சளைக்காமல் ஒரு மணி நேரம் சிகிச்சை தர முடிவதும் இதனால்தான்.

அடுத்து, கோணம். தோலின் பரப்புக்குச் செங்குத்தாகவே அழுத்தம் இறங்க வேண்டும். உடம்பு சமதளம் அல்ல. முதுகில் நேர் கீழாக இறங்கும் கை, விலாவுக்கு வரும்போது பக்கவாட்டிலிருந்து உள்நோக்கித் திரும்பியாக வேண்டும். கோணம் சாய்ந்தால் தோல் இழுபடும், அழுத்தம் மேலோடு வழுக்கிப் போகும். கட்டைவிரலின் நுனியால் அல்ல, ரேகை இருக்கும் சதைப்பகுதியால் அழுத்த வேண்டும். மற்ற நான்கு விரல்களும் விரிந்து பக்கத்தில் படிந்து முட்டுக் கொடுக்க வேண்டும். நகம் வளர்ந்த கைக்கு இங்கே வேலை இல்லை.

மூன்றாவது, நிறுத்தம். என் கணிப்பில் ஷியாட்சுவை மற்றப் பிடித்துவிடும் முறைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். அழுத்தி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நமிகோஷி முறையில் பெரும்பாலான இடங்களில் மூன்று முதல் ஐந்து நொடி. வேறு சில பள்ளிகளில் இன்னும் நீளும். முதலில் தசை எதிர்த்து நிற்கும். அவசரப்படாமல் அதே எடையோடு காத்திருந்தால், விரலுக்குக் கீழே இறுக்கம் இளகுவதை உணரலாம். அந்த நேரத்தில் படுத்திருப்பவர் பெருமூச்சு விடுவார். அவர் மூச்சை வெளியே விடும்போது எடையை இறக்குவதும், உள்ளே இழுக்கும்போது கையை எடுப்பதும் வழக்கம். இதைப் பழகிவிட்டால் மணி பார்க்க வேண்டியதில்லை.

வலிக்குமா என்றால், கொஞ்சம். ‘இத்தகிமொச்சி இஇ’ என்பார்கள் ஜப்பானியர். வலியும் சுகமுமாக இருப்பதைச் சொல்லும் பேச்சுவழக்கு. அழுத்தம் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்க வேண்டியிருந்தால் அது தவறான அழுத்தம். ‘வலித்தால்தான் வேலை செய்யும்’ என்று சொல்பவரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடலாம்.

ஒரு முழு அமர்வு பொதுவாக ஒரு மணி நேரம் அளவில் இருக்கும். தளர்ந்த பருத்தி உடை போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. நமிகோஷி பள்ளியில் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கழுத்திலிருந்து தொடங்கி, தோள், முதுகு, கால், பாதம் என்று வரிசையாக உடம்பு முழுவதும் போவார்கள். கடைசியில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிறு. கழுத்து வலி என்று வந்தவருக்கும் கால்வரை உண்டு. ஜப்பானில் இந்தச் சிகிச்சைக்கு ஆள் குறையாமல் வருவதற்கு ‘கதகோரி’ எனப்படும் தோள் இறுக்கமே முக்கியக் காரணம். அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் கணக்கெடுப்புகளில் மக்கள் சொல்லும் உபாதைகளில் அது ஆண்டாண்டாக முதல் வரிசையில் நிற்கிறது.

எங்கே அழுத்துவது, ஏன் அங்கே? இந்தக் கேள்வியில்தான் ஜப்பானிலேயே இரண்டு பாதைகள் பிரிகின்றன. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவதும் இங்கேதான்.

நமிகோஷியின் விளக்கம் உடற்கூறு சார்ந்தது. தசை, நரம்பு, ரத்த ஓட்டம், சுரப்பி என்றுதான் அவர் பேசினார். அவருடைய அழுத்தப் புள்ளிகளும் தசைகளையும் நரம்புப் பாதைகளையும் ஒட்டியே அமைந்தவை. அரசு ஏற்பு கிடைக்க இந்த மொழி உதவியது.

ஷிசுதோ மசுனாகா வேறு வழி பிடித்தார். 1925 இல் பிறந்த இவர் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். நமிகோஷியின் பள்ளியிலேயே உளவியல் கற்பித்தவர். பிறகு தனியே டோக்கியோவில் இஒகாய் என்ற மையத்தை நடத்தினார். சீன மருத்துவத்தின் கி என்னும் உயிராற்றலையும், அது ஓடுவதாகச் சொல்லப்படும் பன்னிரண்டு நாளங்களையும் ஷியாட்சுவுக்குள் கொண்டுவந்து, அந்த நாளங்களைக் கை கால் முழுவதும் நீட்டித் தம் சொந்த வரைபடம் ஒன்றைப் போட்டார். அவருடைய முறையின் உயிர்நாடி கியோ, ஜிட்சு என்ற இரண்டு நிலைகள். ஜிட்சு என்பது நிறைந்து புடைத்த இடம்: தொட்டால் கெட்டியாக இருக்கும், கையை எதிர்க்கும், வலி அங்கேதான் தெரியும். கியோ என்பது வெறிச்சோடிய இடம்: அழுத்தினால் பள்ளம்போல் உள்ளே போகும், நோயாளிக்கு அது இருப்பதே தெரியாது. எங்கோ ஒரு கியோ இருப்பதால்தான் இன்னோரிடத்தில் ஜிட்சு கிளம்புகிறது என்றார் மசுனாகா. எனவே தோள் கல்லாக இறுகியிருந்தால் தோளை இடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. காலிலோ இடுப்பிலோ இருக்கும் வெறுமையைக் கண்டுபிடித்து, அங்கே மெதுவாக, நெடுநேரம் கையை வைத்திரு என்பது அவர் வழி. அதைக் கண்டுபிடிக்க அவர் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். வயிற்றின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நாளத்துக்கு உரியது என்பது அவருடைய கணக்கு. ஒரு கை ஓரிடத்தில் அசையாமல் இருக்க, மறு கை நகர்ந்து வேலை செய்வதும் அவர் பள்ளியின் முத்திரை. 1977 இல் அவருடைய முறை ஆங்கில நூலாக வந்த பிறகு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஷியாட்சு என்றால் பெரும்பாலும் மசுனாகா வழிதான் என்றாயிற்று. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹெரால்ட் டல் என்பவர் வெந்நீர்க் குளத்தில் ஆளை மிதக்கவைத்துச் செய்யும் ‘வாட்சு’ முறையை உருவாக்கியதும் இந்த மரபின் நீட்சியே.

கி என்ற ஆற்றலையோ நாளங்களையோ இதுவரை எந்த உடற்கூற்று ஆய்வும் காட்டியதில்லை. நமிகோஷியின் அட்ரினல் விளக்கமும் நிரூபணமானது அல்ல. ஆனால் இரண்டு பள்ளிகளிலும் கை செய்வது ஒன்றுதான்: சாய், செங்குத்தாக இறங்கு, காத்திரு. நாளங்களை நம்புகிறவர் அவற்றைக் கை போக வேண்டிய பாதைக்கான வரைபடமாக வைத்துக்கொள்ளலாம்; நம்பாதவர் தசையின் வரைபடத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த வரைபடத்தை வைத்திருந்தாலும் தொட்டு உணரத் தெரியாதவர் நல்ல சிகிச்சையாளர் ஆவதில்லை.

பலன் உண்டா? ஆராய்ச்சிகள் மிதமாகத்தான் பேசுகின்றன. 2011 இல் வெளியான ஒரு முறையான ஆய்வுத் தொகுப்பு, ஷியாட்சுவைப் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் போதாதவை என்றது. அதன் உறவுமுறையான, அக்குபங்சர் புள்ளிகளை ஊசியின்றி அழுத்தும் அக்குபிரஷருக்கு மட்டும் மாதவிடாய் வலி, குமட்டல் போன்றவற்றில் ஓரளவு ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஆஸ்திரியா, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் 948 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்த ஆய்வில் பலர் தங்கள் உபாதை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்து, கவனமான கை ஒன்று தொட்டால் யாருக்கும் கொஞ்சம் தேறும்தானே! அந்தப் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. இறுக்கம், அசதி, தூக்கக் குறைவு, மன உளைச்சல் ஆகியவற்றுக்குத் துணையாக இதை நாடுவதில் தவறில்லை. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் விரலால் குணமாக்குவேன் என்பவரிடம் போகாதீர்கள்.

சிலர் இதைத் தவிர்க்கவே வேண்டும். காய்ச்சல், தொற்று, எலும்பு முறிவு, ஆறாத புண், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் வேண்டாம். காலில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கெண்டைக்காலை யாரும் தொடக் கூடாது. எலும்பு மெலிவு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. எல்லாவற்றையும்விட எச்சரிக்கை தேவைப்படுவது கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி அங்கேதான் ஓடுகிறது. கழுத்தில் ஷியாட்சு செய்துகொண்ட ஒருவருக்குக் கண்ணிலும் மூளையிலும் ரத்தக்குழாய் அடைபட்டதை ‘ஸ்ட்ரோக்’ மருத்துவ இதழ் 2001 இல் பதிவு செய்தது. இது அரிது. ஆனாலும் பயிற்சி இல்லாதவர் விரல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு ஜப்பானில் விடை எளிது. மூன்றாண்டுப் படிப்பும் அரசுத் தேர்வும் முடித்தவருக்கே உரிமம். உரிமம் இல்லாதவர்கள் நடத்தும் கடைகள் ‘ரிலாக்சேஷன்’ என்பது போன்ற பெயர்களில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்கள் தங்களை ஷியாட்சு சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. பார்வையற்றவர்களின் பிழைப்பு பறிபோகாதிருக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுமதி மறுக்கும் அதிகாரமும் அரசுக்கு 1964 முதல் உண்டு. அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டது. ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளில் இத்தகைய சட்டக் காவல் இல்லை. அங்கே எங்கே, எத்தனை காலம் படித்தீர்கள் என்று நேரடியாகக் கேட்பதுதான் வழி. உங்கள் உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்கச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் போதும். ஒன்று மணிக்கட்டு. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்து வையுங்கள். அந்த மூன்று விரல் அகலம் தாண்டியதும், நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே இருப்பது நைகான் புள்ளி. கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி விடுவதைச் சிலமுறை செய்யலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலை இந்தப் புள்ளியைத் தூண்டுவது குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆம் ஆண்டுத் தொகுப்பும் சொல்லியிருக்கிறது. பயணத்தின்போது குமட்டல் வருபவர்கள் முயன்று பார்க்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கோகோக்கு என்ற புள்ளி இதைவிடப் பிரபலம். தலைவலிக்கு அதை அழுத்துவார்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் விதி.

இன்னொன்று முதுகு. பாயிலோ மெத்தையிலோ குப்புறப் படுக்கச் சொல்லிப் பக்கத்தில் மண்டியிடுங்கள். முதுகெலும்பின் மேல் கை படக் கூடாது. அதற்கு இரு பக்கமும் இரண்டு விரல் தள்ளி ஒரு மேடு ஓடும். அந்த மேட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, அவர் மூச்சை விடும்போது சாயுங்கள். மூன்று நான்கு நொடி. மூச்சை இழுக்கும்போது பின்வாங்கி, ஓர் உள்ளங்கை அகலம் கீழே நகருங்கள். தோளிலிருந்து இடுப்புவரை மூன்று தடவை போனால் போதும். கடைசி விலாவுக்குக் கீழே, சிறுநீரகம் இருக்கும் பகுதியில் எடையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கை கால் மரத்துப்போகிறது என்றோ சுரீரென்று இழுக்கிறது என்றோ அவர் சொன்னால் உடனே நிறுத்துங்கள். அழுத்துகிறவரின் மணிக்கட்டோ கட்டைவிரலோ வலித்தால் எடைக்குப் பதில் பலம் வேலை செய்கிறது என்று அர்த்தம். முழங்காலை இன்னும் கொஞ்சம் அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி மறுபடி சாய்ந்து பாருங்கள்.